முப்பது நாள் முன்னதாக

பாசல் நகரில், ரைன் தெரியாத ஒரு மூன்றாம் மாடியில்
கூலி கொடுத்து அட்டவணை போடச் சொன்னார்கள்.
பதினாறு நாடு, நாட்டுக்கு ஒரு தடம்;
கிலோமீட்டருக்கு எத்தனை காசு,
மணிக்கு எத்தனை கிலோமீட்டர்.

விதி வகுத்தவர் திரு. ஊர்ஸ் நேஃப்.
செவ்வாய்க்கிழமை. இரண்டாம் வகுப்பு. ஒருவழி.
முப்பது நாள் முன்னதாகப் பதிவு.
"அப்போதுதான் ஒப்பீடு ஒப்பீடாக இருக்கும்" என்றார்,
தராசு முள் போல நாற்காலியில் நிமிர்ந்து.

எழுதினேன்.
டோக்கியோவிலிருந்து ஒசாக்கா: இரண்டரை மணி, யானை விலை;
இன்று கேட்டாலும் ஏறத்தாழ அதே யானை.
மாட்ரிட் – பார்சிலோனா: அதே இரண்டரை மணி;
மூன்று கம்பெனிகள் முட்டி மோதுவதில்
சில நாள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட மலிவு.
தாஷ்கண்ட் – சாமர்கண்ட்: வேகம் உண்டு, விலையும் கையைக் கடிக்காது,
சீட்டுத்தான் கிடைக்காது.
சிகாகோவுக்கு வெளியே ட்வைலா என்ற பெண்ணைத்
தொலைபேசியில் பிடித்து, சராசரி வேகம் என்ன என்றேன்.
"முன்னால் போகும் சரக்கு வண்டியைக் கேளும்மா" என்றாள்.
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

நான்காம் வரிசை: பாசல் – ஹாம்பர்க்.
ஆறரை மணி. இருபத்தொன்பது யூரோ தொண்ணூறு.
அதைத் தட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

வியாழன் பத்தே காலுக்கு வீப்கே அழைத்தாள்.
என் முன்னாள் கணவனின் இந்நாள் மனைவி;
ஒன்பது வருடத்தில் இரண்டு முறை பேசியிருப்போம்.
"ஹின்னெர்க் உன்னைத்தான் கேட்கிறான்" என்றாள்.
பிறகு, "இன்றைக்கே" என்றாள்.

அதே வண்டி. அதே தண்டவாளம். அதே ஆறரை மணி.
நூற்று அறுபத்தெட்டு யூரோ நாற்பது.
திரையில் அந்த எண்
என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போல நின்றது.
வாங்கினேன்.

ஃப்ரைபுர்க்கில் பக்கத்து இருக்கைக்கு வந்தவர் எக்கெஹார்ட்.
ஹாம்பர்க்கில் பொம்மை ரயில்களைப் பார்க்கப் போகிறார்,
மடியில் சணல் கட்டிய அட்டைப் பெட்டி.
"ஆறு வாரம் முன்பே போட்டேன், இருபத்தொன்று தொண்ணூறு!
உங்களுக்கு எவ்வளவு?"
முள்ளங்கி வைத்த ரொட்டியில் பாதியை நீட்டினார்.
பதில் சொல்லாமல் கடித்தேன். காரம்.

கோட்டிங்கன் தாண்டியதும் வண்டி நின்றது.
சமிக்ஞைக் கோளாறு, என்றது ஒரு குரல்,
மன்னிப்பும் கேட்டது, இரண்டு மொழியில்.
வெளியே பீட்ரூட் வயல், ஒரு மின்கம்பம்,
கம்பத்தில் ஏதோ ஒரு பறவை, அதற்கு அவசரமில்லை.
வேகக் கட்டத்தில் இதற்குச் சுழி போடுவதா,
சராசரியில் கரைத்துவிடுவதா?
நேஃப் கரைக்கச் சொல்வார்.

எக்கெஹார்ட் பெட்டியைத் திறந்து பாலம் ஒன்றைக் காட்டினார்,
ஈர்க்குச்சி அளவுக் கைப்பிடிகளோடு.
எண்பத்தேழில் ஒரு பங்காம், எல்லாமே:
பாலம், பெட்டி, நடைமேடையில் காத்திருக்கும் ஆட்கள்.
"அப்படியானால் இந்த ஐம்பது நிமிடம்
உங்கள் ஊரில் எவ்வளவு?" என்று கேட்டேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
"தூரத்தைச் சுருக்கிவிடலாம்" என்றார்,
"நேரம் மட்டும் சுருங்க மாட்டேன் என்கிறது.
எங்கள் சங்கத்தில் இதைப் பற்றி இன்னும் சண்டை."

பதினான்காம் நடைமேடையில் வீப்கே நின்றிருந்தாள்.
படத்தில் பார்த்ததை விடக் குட்டை.
கையில் இரண்டு காகிதக் கோப்பைத் தேநீர்,
வண்டி வரவேண்டிய நேரத்துக்கு வாங்கியது,
இரண்டும் ஆறியிருந்தன; அவளும் குடிக்கவில்லை.
"பார்வை நேரம் முடிந்துவிட்டது. இரவுத் தாதி நல்லவள், விடுவாள்.
வேகமாக நட."

நகரும் படியில், எனக்கு ஒரு படி மேலே,
திரும்பாமலே கைப்பையைத் திறந்தாள்.
"சீட்டு எவ்வளவு ஆனது? நான்தானே கூப்பிட்டேன்,
நான் தருகிறேன்."

"இருபத்தொன்பது தொண்ணூறு" என்றேன்.